பிளான்ட் மாறுனா சங்க மெம்பர்ஷிப்பும் கூடவே வருமா?

கேள்வி: ஒரகடத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில வேலை, அங்க இருக்குற சங்கத்துல மெம்பர், சந்தா மாசாமாசம் சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்க. இப்ப ஓசூர் பிளான்ட்டுக்கு மாத்திட்டாங்க, இங்க வேற சங்கம். மெம்பர்ஷிப்ப அப்படியே இங்க டிரான்ஸ்பர் பண்ண முடியுமா? பழைய சங்கத்துல விலகல் லெட்டர் குடுத்தா வாங்க மாட்டேங்குறாங்க, சந்தாவும் இன்னும் போய்க்கிட்டு இருக்கு. வெளிய போனா கோர்ட்ல நிக்கிற சம்பள கேஸ்ல உனக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு வேற சொல்றாங்க.

பதில்: தோழர், ஒரு சங்கத்துலேர்ந்து இன்னொரு சங்கத்துக்கு மெம்பர்ஷிப்ப மாத்துறதுக்கு சட்டத்துல வழின்னு ஒண்ணு வைக்கவே இல்ல. 1926 தொழிற்சங்க சட்டத்துலயும் இல்ல, அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21லேர்ந்து நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புலயும் இல்ல. ஒரே பதிவு நம்பர்ல மாநிலம் முழுக்க கிளை வச்சிருக்கிற சங்கம்னா, மின்வாரியம், பேங்க் மாதிரி எடத்துல பாத்திருப்பீங்க, பழைய கிளைச் செயலாளர் ஒரு லெட்டர் குடுப்பாரு, புதுக் கிளை ரிஜிஸ்டர்ல பேர ஏத்திக்குவாங்க, சீனியாரிட்டி கூட அப்படியே வரும். உங்க கதை அப்படி இல்ல. ஒரகடம் சங்கம் தனிப் பதிவு, ஓசூர் சங்கம் தனிப் பதிவு. ரெண்டும் சிஐடியுவோ ஏஐடியுசியோ தொமுசவோ ஒரே கொடிக்குக் கீழ இருந்தாலும் அதே கதைதான், ஏன்னா நீங்க மெம்பரா இருக்குறது பதிவான அந்த சங்கத்துல, மேல இருக்குற சம்மேளனத்துல உங்க சங்கம்தான் மெம்பர், நீங்க இல்ல. அதனால பழசுல விலகணும், புதுசுல புதுசா சேரணும், ரெண்டும் தனித்தனி வேலை.

சேர்றது சுலபம். சங்கத்தோட விதிகள்ல யார் சேரலாம்னு போட்டிருக்கும், அந்தத் தொழில்ல இல்ல அந்த நிறுவனத்துல நெஜமாவே வேலை பாக்குற ஆளா இருக்கணும்னுதான் பெரும்பாலும் இருக்கும். அரைப் பக்கத்துக்கு ஒரு ஃபாரம்: பேர், டோக்கன் நம்பர், டிபார்ட்மென்ட், வேலைக்கு சேர்ந்த தேதி, கையெழுத்து. அதுக்குக் கீழ பொடி எழுத்துல அரசியல் நிதின்னு ஒரு வரி இருந்தா நின்னு படிங்க, அந்த நிதி தனிக் கணக்கு, அதுக்குக் குடுத்தாதான் சேத்துக்குவேன்னு எந்த சங்கமும் கட்டாயப்படுத்த முடியாது, குடுக்கலங்கறதுக்காக உங்கள ஒதுக்கி வைக்கவும் முடியாது. சந்தா எவ்வளவுன்னு விதியில இருக்கும், பழைய சட்டத்துல 2001 திருத்தத்துக்கு அப்புறம் ஃபேக்டரி மாதிரி எடத்துல வருஷத்துக்கு 12 ரூபாய்க்குக் கொறையக் கூடாதுன்னு மட்டும்தான் இருந்துச்சு, நடைமுறைல எல்லாரும் அதவிட ரொம்ப அதிகம்தான் வாங்குறாங்க. பணத்தக் கட்டிட்டு ரசீது வாங்குங்க, கார்பன் வச்சுக் கிழிச்சுக் குடுப்பாங்கல்ல அந்தத் துண்டுச் சீட்டு, அதுல தேதியும் ரசீது நம்பரும் இருக்கான்னு பாத்துட்டு உடனே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, கார்பன் எழுத்து சீக்கிரம் மங்கிடும். ரிஜிஸ்டர்ல பேர் ஏறிடுச்சான்னு பாக்குறதும் உங்க உரிமைதான், மெம்பருக்கு உறுப்பினர் பட்டியலையும் கணக்குப் புத்தகத்தையும் பாக்க விதிகள்ல வசதி வச்சே ஆகணும்.

இப்ப சந்தா பிடித்தம். இங்கதான் நெறைய பேர் கொழப்பிக்கிறாங்க. சம்பளத்துல பிடிக்கிறது நீங்க நிர்வாகத்துக்கு எழுதிக் குடுத்த சம்மதத்தால, மெம்பரா இருக்குறது சங்கத்தோட ரிஜிஸ்டரால. ஒண்ண நிறுத்துனா இன்னொண்ணு தானா நிக்காது. பிடித்தத்த மட்டும் நிறுத்திட்டா பழைய சங்கத்துல நீங்க பாக்கி வச்ச மெம்பரா நிப்பீங்க, சங்கத்துல மட்டும் விலகிட்டு எச்ஆர்ல சொல்லலன்னா பணம் போய்க்கிட்டே இருக்கும், உங்களுக்கு நடக்குறது இதுதான். அதனால ரெண்டு லெட்டர் வேணும். ஒண்ணு சங்கத் தலைவர், செயலாளர் பேருக்கு, சங்கத்தோட பதிவான ஆபீஸ் முகவரிக்கு, ‘இன்ன தேதியிலிருந்து உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், அது வரைக்குமான சந்தா செலுத்தப்பட்டுவிட்டது’ன்னு ரெண்டே வரி போதும், காரணமெல்லாம் எழுதி வம்ப வளக்காதீங்க. இன்னொண்ணு எச்ஆர் பேருக்கு, ‘சந்தா பிடித்தத்துக்கு நான் அளித்த சம்மதத்தை வாபஸ் பெறுகிறேன்’னு, அதோட காப்பியில இன்வேர்ட் சீல் (லெட்டர் வந்து சேர்ந்துச்சுன்னு ஆபீஸ்ல போடுற முத்திரை) வாங்காம அந்த எடத்த விட்டு நகராதீங்க. சில கம்பெனில வருஷத்துல குறிப்பிட்ட மாசத்துலதான் பிடித்தத்த மாத்துவோம்னு ஒப்பந்தத்துலயே போட்டிருப்பாங்க, அதையும் கேட்டுக்குங்க.

லெட்டர கையில வாங்க மாட்டேங்குறாங்கன்னா தபால்ல போடுங்க. ரெஜிஸ்டர் தபால 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால கவுன்ட்டர்ல சேர்ந்ததுக்கு அத்தாட்சி வேணும்னு வாய் விட்டுக் கேட்டு வாங்கணும். வாங்க மறுத்து திரும்பி வந்தா அந்தக் கவரப் பிரிக்காதீங்க, முத்திரையோட அப்படியே வைங்க. சங்கத்துல சேர்றது அரசியல் சட்டம் 19வது பிரிவு குடுத்த உரிமை, ஒருத்தர வேணாம்னாலும் மெம்பராவே புடிச்சு வச்சுக்கறதுக்கு எந்த சங்கத்துக்கும் உரிமை கிடையாது. ஆனா விதியில நோட்டீஸ் காலம், பாக்கி கட்டணும்னு எதாவது இருந்தா அத மதிச்சுடுங்க.

கேஸ் விஷயம், பயமுறுத்துறதுல பாதிதான் உண்மை. லேபர் கோர்ட்டோ ட்ரிப்யூனலோ குடுக்குற தீர்ப்பும், லேபர் ஆபீசர் முன்னாடி சமரசப் பேச்சுல போடுற ஒப்பந்தமும், அதாங்க பழைய 1947 தொழில் தகராறு சட்டத்தோட பிரிவ வச்சு எல்லாரும் 12(3)ன்னு சொல்றது, அந்த நிறுவனத்துல தாவா, அதாவது நிர்வாகத்தோட தகராறு, நடந்த நேரத்துல வேலை பாத்த எல்லாரையும் கட்டுப்படுத்தும், மெம்பரா இல்லையான்னு கேள்வியே கிடையாது. ஒரகடத்துல நீங்க வேலை பாத்த காலத்துக்கு வர்றது உங்களுக்கு வந்தே ஆகணும். சங்கம் எடுத்து நடத்துற தாவாவுல, அரசாங்கம் அத கோர்ட்டுக்கு அனுப்புன தேதியில சங்கத்தோட ஆதரவு இருந்துச்சான்னுதான் பாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1961லயே சொல்லிடுச்சு, அப்புறம் நாலு பேர் விலகுனதால கேஸ் சாகாது. ஆனா அதே பழைய சட்டத்தோட பிரிவ வச்சு 18(1) ஒப்பந்தம்னு ஒண்ணு சொல்லுவாங்க, ஆபீசர் இல்லாம நிர்வாகமும் சங்கமும் நேரடியா உக்காந்து போடுறது, அது கையெழுத்து போட்ட தரப்ப, அதாவது நிர்வாகத்தையும் அந்த சங்கத்து மெம்பர்களையும் மட்டும்தான் கட்டுப்படுத்தும். அரியர்ஸோட அப்படி ஒண்ணு கையெழுத்தாகுற கட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சா, அது முடியுற வரைக்கும் விலகல் லெட்டர பையிலயே வச்சிருங்க. கொள்கைக்காக அரியர்ஸ விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.

மத்தபடி மெம்பர்ஷிப் முடியுற வழிகள்னு பாத்தா சந்தா பாக்கி, எத்தன மாசம்னு சங்கத்துக்கு சங்கம் மாறும், நீக்கம், ரிட்டையர்மென்ட். நீக்கணும்னா நோட்டீஸ் குடுத்து விளக்கம் கேட்டு விதிப்படி செய்யணும், வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து தூக்குறது நீக்கம் ஆகாது (சிரிக்காதீங்க, நெஜமாவே அப்படி நெனைக்கிற செயலாளர்கள் இருக்காங்க). புரமோஷன் ஒரு தனி வில்லங்கம், ‘டீம் லீடர்’னு பேர மாத்திட்டு இனி நீ சங்கத்துல இருக்கக் கூடாதுன்னு எச்ஆர் சொல்லுவாங்க. தாவா விஷயத்துக்குதான் சூப்பர்வைசர், சம்பள வரம்புன்னு கணக்கெல்லாம், சங்கத்துல சேர்றதுக்கு தொழில்ல வேலை பாக்குற எல்லாரும் தொழிலாளிதான்னு புது சட்டத் தொகுப்புலயும் இருக்கு. உங்கள வச்சுக்கலாமா வேணாமான்னு சங்கத்தோட விதி சொல்லட்டும், எச்ஆருக்கு அதுல வேலை இல்ல.

ஓசூர் சங்கம் உங்கள சேத்துக்க மாட்டேன்னு சொன்னா, புது சட்டப்படி ட்ரிப்யூனல்லயே மனு போடலாம், மெம்பரா சேத்துக்க மறுக்கப்பட்ட தொழிலாளின்னு தனியாவே சொல்லிருக்கு, சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்ல. அதுக்கு முன்னாடி ஃபாரம் குடுத்த தேதிக்கு ஒரு அத்தாட்சி கையில இருக்கணும், அதையும் தபால்லயே அனுப்பிடுங்க.