அமேசான் பழங்குடிகளின் காட்டையும் பண்பாட்டையும் காக்க வெளியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மரம் நட நிதி கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில், நிற்கிற காட்டின் மீது அங்கே வாழ்பவர்களுக்குள்ள உரிமையை உறுதிப்படுத்த உதவுவதுதான் முதல் வேலை.

ஈக்வடாரின் பஸ்தாசா மாகாணத்தில் வாழும் வவோரானி மக்களையே பாருங்கள். 2012இல் பேருக்கு ஒரு கருத்துக்கேட்பு நடத்திவிட்டு, அவர்கள் நிலத்தை எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான ஏலப் பட்டியலில் அரசு சேர்த்தது. அரசின் வரைபடத்தில் ஆளே இல்லாத இடம் போல அது இருந்தது. வவோரானிகள் தாங்களே வரைபடம் தயாரித்தார்கள். பெரியவர்கள் வழிகாட்ட, இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து வேட்டைத் தடங்கள், மூலிகைகள், மூதாதையர் வாழ்ந்த இடங்கள் என்று எல்லாவற்றையும் குறித்தார்கள். நிலத்துக்கான ஆதாரம் திரட்டும் அதே நடைப்பயணத்தில் பழைய கதைகளும் காட்டறிவும் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. பண்பாட்டைக் காப்பது தனி வேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

2019 ஏப்ரலில் பஸ்தாசாவின் தலைநகரான பூயோவில் உள்ள நீதிமன்றம் அந்தக் கருத்துக்கேட்பு செல்லாது என்றது. சுமார் 5 லட்சம் ஏக்கர் காடு ஏலத்திலிருந்து தப்பியது. போராட்டத்தை முன்னின்று நடத்திய நெமோன்தே நென்கிமோவுக்கு 2020இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

வெளியாட்களின் பங்கு வரைபடப் பயிற்சி, வழக்கறிஞர் உதவி, கிராமங்களுக்குச் சூரிய மின்சாரம் போன்றவை. முடிவெடுத்தது அந்த மக்கள். நன்கொடை தருமுன், அந்த அமைப்பில் பழங்குடியினர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். கோஃபான், சியோனா, சியெகோபாய், வவோரானி மக்கள் சேர்ந்து நடத்தும் செய்போ கூட்டமைப்பு அப்படிப்பட்டது.