நிலத்தடி நீரில் பிஎச்டி: தர்மபுரியிலிருந்து எழுதிய ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் மகள் எம்.எஸ்சி. பயன்பாட்டு நிலவியல் முடிக்கப்போகிறார். புவி இயற்பியல் அளவீடுகளை வைத்து நிலத்தடி நீரை ஆராயும் பிஎச்டியில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். "நீரோட்டம் பார்க்க ஐந்து வருடப் படிப்பா, முடித்தால் வேலை கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் செய்யலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர வேண்டாம். ஆய்வுக்கு எடுக்கும் இடத்தில் துளை போட்டுச் சரிபார்த்த தகவல் இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் நாலு போர் போட்டு மூன்று காய்ந்துபோனது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கம் கீழே இருப்பது சார்னக்கைட், நைஸ் மாதிரியான கடினப் பாறை. அதில் தண்ணீர் தங்க இரண்டே இடம்தான்: மேலே சிதைந்து உதிர்ந்த அடுக்கு, அதற்குக் கீழே பாறையில் ஓடும் விரிசல்கள். விரிசல் கொஞ்சம் விலகிப் போயிருந்தால் ஆயிரம் அடி இறக்கினாலும் தூசிதான் வரும். மேலே நின்றுகொண்டு விரிசலைப் பார்க்க முடியாது என்பதால்தான் மின்தடை அளக்கிறார்கள். தரையில் வரிசையாக நாலு கம்பிகளை அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளை விலக்கிக்கொண்டே போனால் இன்னும் ஆழத்தில் உள்ள அடுக்குகளும் கணக்கில் வரும். உடையாத பாறை ஆயிரக்கணக்கில் ஓம்-மீட்டர் (இந்த மின்தடையின் அலகு) காட்டும். நீர் ஊறிய சிதைவு அடுக்கு அதைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

இதுவரை உள்ளதை ஊரில் சர்வே எடுக்கிறவரும் செய்வார். ஆராய்ச்சி இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அந்தக் கருவி தண்ணீரை அளப்பதில்லை, மின்தடையைத்தான் அளக்கிறது. களிமண்ணும் குறைந்த மின்தடை காட்டும், உப்பு நீர் நிறைந்த மணலும் குறைந்த மின்தடை காட்டும். சென்னைக்கு வடக்கே கடல்நீர் உள்ளே புகுந்த மீஞ்சூர்ப் பகுதியில் குறைந்த எண் வந்தால் அது களிமண்ணா, உப்பு நீரா என்பதை எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, ஒரே அளவீட்டுக்கு வெவ்வேறு அடுக்கமைப்புகள் கச்சிதமாகப் பொருந்திவிடும். 1942ல் ஆர்ச்சி என்பவர் மின்தடையையும், பாறையின் துளைமையையும் (உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்ற அளவு), அதில் உள்ள நீரின் அளவையும் இணைத்து ஒரு சூத்திரம் கொடுத்தார். சுத்தமான மணற்கல்லில் அது நன்றாக வேலை செய்யும். களிமண் கலந்தால் தடுமாறும், விரிசல் விட்ட பாறையில் இன்னும் தடுமாறும். அளந்த எண்ணுக்கும் கீழே உண்மையில் இருக்கும் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை, எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கோடு நிரப்புவதுதான் உங்கள் மகள் செய்யப்போகும் வேலை. அதை நீரோட்டம் பார்ப்பதோடு சேர்த்துவிடாதீர்கள்.

இதற்குத் தேவை உண்டா என்றால், உலகத்திலேயே மிக அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு நம்முடையது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோடு சேர்ந்து, ஹெலிகாப்டருக்கு அடியில் பெரிய மின்கம்பி வளையத்தைத் தொங்கவிட்டு நிலத்தடியை அளந்திருக்கிறது. வளையத்தில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் நிலத்துக்குள் தூண்டப்படும் மின்னோட்டம் எப்படித் தேய்கிறது என்பதிலிருந்து அடுக்குகளைக் கணிப்பார்கள். அந்த முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஆறு இடங்களில் ஒன்று நம்முடைய கடலூர் மாவட்டத்தின் கீழ் வெள்ளாற்றுப் பகுதி. பாட்னா, ஜெய்சல்மேர், தௌசா, நாக்பூர், தும்கூர் மற்றவை. 2021ல் ராஜஸ்தான், குஜராத், ஹரியானா போன்ற வறண்ட பகுதிகளுக்கும் இதை விரிவாக்கினார்கள். பறந்து அளப்பது வேகமாக முடிந்துவிடும். வந்து குவியும் தரவைப் பாறையாகவும் தண்ணீராகவும் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த டென்மார்க், குடிநீருக்கு ஏறக்குறைய முழுவதும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. அங்கே ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்குழு இருக்கிறது.

இப்போது என் கவலை. ஒரு தாலுகாவை எடுத்துக்கொள்வது, ஐம்பது அறுபது இடத்தில் மின்தடை அளப்பது, நீர்வளம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று கணினியில் வண்ண வரைபடம் போட்டு முடிப்பது. இப்படி ஏராளமான ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. வரைபடம் சொன்ன இடத்தில் உண்மையிலேயே தண்ணீர் இருந்ததா என்று சோதித்தவை சொற்பம். பட்டம் கிடைத்துவிடும். ஆனால் நேர்முகத் தேர்வில் "உங்கள் வரைபடம் தப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று ஒரு கேள்வி வந்தால் நின்றுவிடுவார்கள். உங்கள் மகளின் ஐந்து வருடம் அப்படிப் போகக் கூடாது. அதனால் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சேருவதற்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள். ஆய்வுப் பகுதியில் போர் போட்டபோது எந்த ஆழத்தில் என்ன பாறை வந்தது என்ற பதிவுகள் கிடைக்குமா? பம்ப் வைத்து இறைத்துப் பார்க்கும் சோதனைக்கு வழி உண்டா? கருவி துறையிடம் சொந்தமாக இருக்கிறதா, வாடகையா? களச் செலவு யார் பொறுப்பு? கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஒருமுறை என்று ஒரே இடத்தைத் திரும்ப அளக்க முடியுமா? அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேட்கலாம், தப்பில்லை. நல்ல வழிகாட்டி இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பயம் வேண்டாம். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் புவி அறிவியல் தாளை எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஜேஆர்எஃப் கையில் இருந்தால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் கூடும். வெளிநாடு என்றால் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். கடன் வாங்கி அனுப்ப வேண்டிய படிப்பு இல்லை இது. கல்விக் கடனுக்கு நிலத்தை அடமானம் வைக்கச் சொல்லி எந்த ஏஜென்சி சொன்னாலும் கேட்காதீர்கள்.

வேலை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசு வேலை மட்டும்தான் குறிக்கோள் என்றால் பிஎச்டி தேவையில்லை. யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுக்கு எம்.எஸ்சி. போதும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் ஜியாலஜிஸ்ட், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் நீர் நிலவியல் பிரிவு விஞ்ஞானி, இரண்டுக்கும் அதுதான் வாசல். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 32, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. ஆகவே பிஎச்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் வருடத்திலிருந்தே அந்தத் தேர்வை எழுதிக்கொண்டு வரட்டும். பிஎச்டி உதவுவது வேறு இடங்களில்: ஹைதராபாத் நிறுவனம், ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனம் போன்ற ஆராய்ச்சிக்கூடங்கள், சுரங்கப்பாதை, அணை, மெட்ரோ வேலைகளுக்கு நிலத்தடி ஆய்வு செய்யும் நிறுவனங்கள், பிஎச்டிக்குப் பிறகு வெளிநாட்டில் செய்யும் ஆராய்ச்சிப் பணிகள். கல்லூரி ஆசிரியர் வேலையை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் நிலவியல் துறை உள்ள கல்லூரிகளே குறைவு.

பெண் பிள்ளை காட்டுமேட்டில் அலைவாளே என்ற உங்கள் பயம் நியாயமானது. அதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டாம், ஏற்பாட்டைக் கேளுங்கள். கூட யார் போகிறார்கள், வண்டி உண்டா, இரவு எங்கே தங்குவது, கழிப்பறை வசதி என்ன. அந்தக் கருவியின் கம்பிகளில் சில நூறு வோல்ட் ஓடும், அதனால் பயிற்சி பெற்ற உதவியாளர் கட்டாயம் வேண்டும். கல்யாணப் பேச்சும் எழுதியிருந்தீர்கள். யுஜிசி விதிப்படி பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. ஆறு வருட உச்ச வரம்புக்கு மேல் இரண்டு வருடத் தளர்வும் உண்டு. பட்டமா, கல்யாணமா என்று இரண்டில் ஒன்றை நீக்கச் சொல்லி அவரைக் கேட்காதீர்கள், அம்மா.

மகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். நிலவியல் மாணவர்கள் பலர் களத்தை விரும்புவார்கள், கணிதத்தைக் கண்டால் ஒதுங்குவார்கள். இந்தத் துறையில் இரண்டும் வேண்டும். பைதான் அடிப்படை கற்றுக்கொண்டு, பைஜிம்லி என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதிலேயே வரும் மாதிரித் தரவிலிருந்து ஒரு நிலத்தடிக் குறுக்குவெட்டைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பிறகு அமைப்புகளை மாற்றி, அதே தரவுக்கு வேறொரு விடையும் வருகிறதா என்று பார்க்கட்டும். இரண்டு விடையில் எது சரி என்ற எரிச்சல் அவரை இன்னும் உட்கார வைத்தால், இந்தப் படிப்பு அவருக்கானது. அலுத்துப்போனால் நிலத்தடி நீரின் வேதியியல் பக்கம் போகலாம். உங்கள் மாவட்டத்தின் ஃப்ளோரைடு பிரச்சினைக்கு அங்கேயும் நிறைய ஆள் தேவை.

அவர் மனதில் உள்ள மூன்று வழிகாட்டிகளுக்கும் மேலே சொன்ன கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். நெட் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்த இடம் என்பதை நாம் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.