நிழல்வலையை எப்போது விலக்குவது? குடியை நிறுத்தியவர்களும் மன அழுத்தமும்: கேள்வி பதில்

நான் குடியை நிறுத்தி 19 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 14 ஆண்டுகளாக ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மாத்திரை, ஊசி பற்றிய முடிவுகளை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். கேட்டவர்களின் பெயரை நீக்கி ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

திருப்பூர், இல்லத்தரசி: என் கணவர் மையத்திலிருந்து வீடு திரும்பி 47 நாட்கள் ஆகின்றன. "அவனுக்கு ஒரு கவலையும் தெரியக் கூடாது, தெரிந்தால் மறுபடி குடித்துவிடுவான்" என்கிறார் மாமியார். கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் அவரிடமிருந்து மறைக்கிறோம். பகலெல்லாம் படுத்தே கிடக்கிறார். நாங்கள் செய்வது சரிதானா?

சகோதரி, உங்கள் மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு அவர் சொன்னதுதான் சரி. இப்போது சரியில்லை.

எங்கள் பக்கத்தில் தக்காளி, மிளகாய் நாற்று விடுபவர்கள் நிறைய. நிழல்வலைக்குள் குழித்தட்டில் வளர்ந்த நாற்றை அப்படியே பிடுங்கி வெயிலில் நட்டால் அன்று மாலையே துவண்டுவிடும். அதனால் நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தண்ணீரைக் குறைப்பார்கள், வலையை விலக்கி வெயில் காட்டுவார்கள். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு நாளுக்கு நாள் நேரம் கூடும். அந்த வாட்டத்தில்தான் தண்டு உறுதிப்படுகிறது. வெயிலே படாமல் நிழலிலேயே விட்டாலும் நாற்று பிழைக்காது. வெளிறி, நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். உங்கள் கணவருக்கு இப்போது காலை வெயில் தேவைப்படுகிறது.

இந்த வாரம் ஒரே நாளில் முடிந்துவிடுகிற வேலை ஒன்றைக் கொடுங்கள். ரேஷன் வாங்கி வருவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது போதும். அடுத்த வாரம் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லி, இருவரும் சேர்ந்து யோசியுங்கள். கடனைப் பற்றிச் சொல்லும்போது முழுத் தொகையையும் ஒரே மூச்சில் கொட்டாமல், இந்த மாதத் தவணையை மட்டும் பேசுங்கள். எதைச் செய்தாலும் மூன்றைப் பாருங்கள்: அந்தப் பாரத்துக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும், அவர் சம்மதித்து ஏற்றிருக்க வேண்டும், முடித்த பிறகு ஓய்வு இருக்க வேண்டும்.

மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடன் கொடுத்தவர் ஒரு நாள் வாசலில் வந்து சத்தம் போடுவார். அன்றைக்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் மொத்த வெயிலும் உங்கள் கணவர் தலையில் இறங்கும். அதோடு, வீட்டில் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் மையத்திலிருந்து வந்த இரண்டாம் மாதம் என் அம்மா 640 ரூபாயைக் கையில் கொடுத்து மின்கட்டணம் கட்டி வரச் சொன்னார். என் கையில் யாரும் பணம் கொடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. ரசீதை அவரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் அழுதேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிற மையம் அருகில் இருந்தால் நீங்களும் மாமியாரும் போய்வாருங்கள். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மையத்தில் குடும்பத்தாருக்கெனத் தனிப் பயிற்சி உண்டு. சிகிச்சை வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திருச்சி, கல்லூரி ஆசிரியர்: "நல்ல மன அழுத்தம்" என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா? ஆறுதலுக்காகச் சொல்வதா?

ஆதாரம் உண்டு, ஐயா. உடல் நெருக்கடியை எப்படி எதிர்கொள்கிறது என்பதை 1936இல் முதலில் விவரித்த ஹான்ஸ் செலியே, 1974இல் எழுதிய நூலில் நன்மை செய்யும் அழுத்தத்தை 'யூஸ்ட்ரெஸ்' என்று தனியாகப் பிரித்தார். 'யூ' என்றால் கிரேக்கத்தில் 'நல்ல' என்று பொருள். மேடை ஏறும்போதும் அடி விழும்போதும் தொடக்கத்தில் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது: அட்ரீனலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் உயர்கிறது. மேடையை விட்டு இறங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். மாதக்கணக்கில் திரும்பாமலே இருப்பதுதான் நோயைக் கொண்டுவருகிறது.

2010இல் மார்க் சீரியும் உடன் பணிபுரிந்தவர்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். வாழ்நாளில் ஓரளவு துன்பம் கண்டவர்களின் மனநலம், மிகுந்த துன்பம் கண்டவர்களைவிட நன்றாக இருந்தது. துன்பமே காணாதவர்களைவிடவும் நன்றாக இருந்தது. இது பொதுமக்களைப் பற்றிய ஆய்வு. குடிநோயாளிகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அழுத்தத்தின்போது யாருக்குக் குடிவேட்கை அதிகம் எழுகிறதோ அவர்கள் சீக்கிரம் மறுபடி தொடங்குகிறார்கள் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் ரஜிதா சின்ஹா குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அளவு தவறினால் ஆபத்து. எங்கள் வேலையில் பெரும்பகுதி அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான்.

ஈரோடு: தினமும் குடிக்கிறேன். காலையில் கை நடுங்குகிறது. இன்றோடு நிறுத்திவிட்டு, நடுக்கத்தைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். இதுவும் மனஉறுதிக்குப் பயிற்சிதானே?

வேண்டாம், தம்பி. நிறுத்தும் முடிவு அருமையானது, தனியாக நிறுத்துவது ஆபத்தானது. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று விட்டால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, கடும் வியர்வை, காய்ச்சல் எல்லாம் வரலாம், உயிரே போகலாம். இதில் மனஉறுதிக்கு வேலையே இல்லை. இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தையமின் (வைட்டமின் பி1) உள்ளிட்ட மருந்துகளோடு பாதுகாப்பாக நிறுத்தலாம். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ், கட்டணம் கிடையாது. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் வீட்டார் உடனே 108ஐ அழைக்கட்டும்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: நிறுத்தி 5 மாதம் ஆகிறது. குடித்த காலத்தில்கூட இவ்வளவு பதற்றம் இருந்ததில்லை. ஹாரன் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது. குடிதான் என் பதற்றத்தை அடக்கி வைத்திருந்ததோ என்று தோன்றுகிறது.

அப்படித்தான் தோன்றும், அண்ணா. எனக்கும் தோன்றியது. மூளையில் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற பொருளும், தூண்டிவிடும் குளுட்டமேட் என்ற பொருளும் இருக்கின்றன. மது முதலாவதற்குத் துணை போகிறது, இரண்டாவதை அமுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூளை அதற்கு ஈடுகட்டத் தன் தூண்டுதலைக் கூட்டிக்கொள்கிறது. பாரம் ஏற்றிய லாரியை இறக்கத்தில் ஓட்டும்போது ஒருவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அதற்கு எதிராக ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிலிருந்து கால் எடுத்தாயிற்று. ஆக்சிலேட்டரிலிருந்து கால் மெதுவாகத்தான் எழும். கடும் நடுக்கம் சில நாட்களில் போய்விட்டாலும் எரிச்சலும் தூக்கக் குறைவும் பல மாதங்கள் இழுக்கும். ஆக, குடி அடக்கி வைத்திருந்த பதற்றத்தில் பெரும்பங்கு குடியே உண்டாக்கியது.

உங்களுக்கு வாழ்க்கையில் அழுத்தம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. ஆனால் அதில் எதுவும் நீங்கள் தேர்ந்துகொண்டது இல்லை. லாரி நிற்கும் இடத்தில் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க நடங்கள் (இரத்த அழுத்தம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்). இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும், பிறகு தானாக அடங்கும். படபடப்பு வந்தால் மது இல்லாமலும் அது அடங்கும் என்பதை உடல் நாள்தோறும் கற்றுக்கொள்கிறது. குடிவேட்கையும் அலைபோல எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிகிற ஒன்றுதான். ஊட்டி வளர்க்காவிட்டால் தணிந்துவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது இருக்கிறது என்று வேட்கை எழும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலும் பசியும் களைப்பும்தான்.

உங்களைப் போலவே 5 மாதம் குடிக்காமல் இருந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். தொழில் முயற்சி தோற்றுப்போய், ஊர் புதிதாய், கையில் காசில்லாமல் ஓட்டல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, இந்த ஊரில் என்னைப் போல இன்னொரு குடிநோயாளி இருக்கிறாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் மருத்துவர் பாப். அவர்கள் பேசிய பேச்சிலிருந்து பிறந்ததுதான் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம். நீங்களும் இரண்டு எண்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு எத்தனை மணிக்கும் எடுப்பவர்களாக இருக்கட்டும்.

கோவை, இளைஞர்: வேண்டுமென்றே தினமும் டாஸ்மாக் கடை வழியாக நடந்து போய் என்னைச் சோதித்துக்கொள்கிறேன்.

நிறுத்துங்கள், தம்பி. அந்தத் தெருவும் வாசனையும் வெளிச்சமும் பழைய பழக்கத்தைத் தட்டி எழுப்புகிற தூண்டுதல்கள். ஜெயித்தாலும் அங்கே உங்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. அந்தத் துணிச்சலை ஒரு நீச்சல் வகுப்பிலோ பாதியில் விட்ட தேர்விலோ காட்டுங்கள். தோற்றாலும் உயிரோடு திரும்புவீர்கள்.

சென்னை, மென்பொருள் ஊழியர்: நான் பெண். எல்லா அறிவுரையும் ஆண்களுக்கே எழுதப்படுகிறது. குடியை விட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. வேலையில் கெடு நெருக்கடி, வீட்டில் கணவர் என்னை அடிக்கக் கை நீட்டுகிறார். "இதெல்லாம் உன்னை உறுதியாக்கும்" என்கிறார் தோழி.

உங்கள் குறை உண்மை, சகோதரி. பெண்கள் வெளியே சொல்லவே அஞ்சுகிற நோயாக இதை ஆக்கிவைத்திருக்கிறோம். அதற்கு நடுவில் ஒன்றரை ஆண்டு தாண்டியிருக்கிறீர்கள்.

வேலை நெருக்கடி உங்களை வளர்க்கலாம், முடிந்த பிறகு தூக்கம் திரும்புகிறது என்றால். திரும்பவில்லை என்றால் அதைக் குறைக்கத்தான் வேண்டும். கணவர் கை நீட்டுவதை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவரவே கூடாது. அதற்கு முடிவு தெரியாது, உங்கள் சம்மதம் கிடையாது, பிறகு ஓய்வும் கிடையாது. அடி யாரையும் உறுதியாக்குவதில்லை. 181 பெண்களுக்கான உதவி எண்; அழையுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் சறுக்கிவிட்டேன். சேர்த்ததெல்லாம் போய்விட்டதா?

போகவில்லை, ஐயா. ஒரு நாள் சறுக்கலைவிட, "எல்லாம் போயிற்று, இனி என்ன" என்ற எண்ணம்தான் ஆளை முழுதாகக் கவிழ்க்கிறது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து காட்டினார். இந்த வாரமே உங்கள் ஆலோசகரைப் பாருங்கள். அந்த நாளுக்கு முந்தைய பத்து நாட்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

தேனி: நிறுத்தி 8 மாதம். அக்கா மகள் திருமணம் வருகிறது. நான்தான் தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டிலும் எங்கள் வீட்டிலும் முதல் நாள் இரவு குடி இருக்கும். போகாமல் இருந்துவிடலாமா?

போங்கள், தம்பி. தாய்மாமன் இல்லாத மணவறையை உங்கள் அக்கா எப்படித் தாங்குவார்? சீர்வரிசையைத் தயார் செய்வது, தட்டுகளை எண்ணுவது, ஆட்களை ஏற்றி வருவது எல்லாம் உங்களைப் பதற வைக்கும். அந்தப் பதற்றத்தை நீங்கள் விரும்பி ஏற்கிறீர்கள், அதற்கு முடிகிற நேரமும் உண்டு. வெயில் படட்டும்.

முதல் நாள் இரவு மண்டபத்தில் தங்காதீர்கள். அக்காவிடம் மட்டும் இப்போதே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். குடிக்காத நண்பர் ஒருவரை வண்டியோடு அழைத்துப் போங்கள். சாவி அவரிடமே இருக்கட்டும். விடியற்காலை சீரோடு வந்திறங்கி, முகூர்த்தம் முடிந்து பந்தியில் சாப்பிட்டு, மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். யாராவது கையில் டம்ளரைத் திணித்தால், "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று நீட்டி விளக்க வேண்டாம். "நான் குடிப்பதில்லை" என்ற இரண்டு சொற்களை இன்றிலிருந்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.