கேளுங்க சொல்றேன்: 118 பேரும் கைக்குழி சுருக்கமும்

கேள்வி: வணக்கம் அக்கா. 14 வருஷமா வீட்லயே பிளவுஸ் தைக்கிறேன். ஏழு மாசமா யூட்யூப்ல தையல் வீடியோ போடுறேன். 43 வீடியோ ஆச்சு, சப்ஸ்கிரைபர் வெறும் 118, அதுல பாதி சொந்தக்காரங்க. பக்கத்து தெரு பொண்ணு டான்ஸ் ஆடியே 20 ஆயிரம் ஃபாலோயர் வச்சிருக்கு. எனக்கு முகராசி இல்லையோன்னு இருக்கு, நிறுத்திடவா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: நிறுத்தாதீங்கம்மா. நீங்க அனுப்புன லிங்க்ல நேத்து ராத்திரி உக்காந்து ஒன்பது வீடியோ பாத்தேன், உங்க கைவேலை அவ்வளவு நேர்த்தி. ஆனா ஒவ்வொரு வீடியோவும் ஆரம்பிக்கும்போது பூ சுத்துற டைட்டில், மியூசிக், அப்புறம் எல்லாரும் எப்படி இருக்கீங்க, பெல் பட்டன அழுத்துங்கன்னு 40 செகண்ட் போயிடுது. உங்க வீடியோவ தேடி வர்றவ யாரு? துணிய தரையில விரிச்சு போட்டுட்டு, வெட்டலாமா வேணாமான்னு கையில கத்திரியோட பயந்துட்டு உக்காந்திருக்கிறவ. அவளுக்கு அந்த 40 செகண்ட் ரொம்ப நீளம், அடுத்த வீடியோவுக்கு போயிடுவா. யூட்யூப் ஸ்டூடியோ ஆப்ல ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு வரும் பாருங்க, எந்த செகண்ட்ல எத்தனை பேர் கிளம்பிப் போறாங்கன்னு அது காட்டும். அதுல ஆரம்பத்துலயே சடார்னு விழுந்திருந்தா டைட்டிலயும் மியூசிக்கையும் இன்னைக்கே தூக்கிடுங்க.

உங்க 31வது வீடியோ எனக்கு ரொம்ப பிடிச்சது. தைச்ச பிளவுஸ உள்பக்கம் திருப்பி, கேமரா பக்கத்துல கொண்டு வந்து, முன்பக்க கைக்குழிய, அதாவது கை வந்து சேர்ற வளைவ, பின்பக்கத்த விட அரை இஞ்ச் உள்ள குடையணும், அத குடையாம விட்டா அந்த துணிதான் இங்க சுருக்கமா நிக்குதுன்னு விரலால தொட்டு காட்டுறீங்க. எனக்கு தையல் தெரியாது, எனக்கே புரிஞ்சுது. அதுக்கு கீழ ஒருத்தர், அக்கா மூணு பிளவுஸ் கெடுத்துட்டேன், இன்னைக்குத்தான் சரியா வந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒரு ஹார்ட் போட்டுட்டு விட்டுட்டீங்க. அவங்ககிட்ட அடுத்து எந்த இடத்துல தடுமாறுறீங்கன்னு கேட்டிருந்தா உங்க 32வது வீடியோவே கிடைச்சிருக்கும்மா. அந்த வீடியோவுக்கு என்ன தலைப்பு வச்சிருக்கீங்க? "ஈஸி டெய்லரிங் டிப்ஸ் பார்ட் 31". இத யார் தேடுவா? கைக்குழில சுருக்கம் ஏன் வருதுன்னு தான் ஜனங்க தேடுவாங்க.

ஒண்ணு செய்யுங்க. மிஷின் பக்கத்துல ஒரு நோட்டு வைங்க. அளவு பிளவுஸ் குடுக்க வர்றவங்க, ஷோல்டர் இறங்குதுக்கா, கழுத்து பின்னாடி தூக்குதுக்கா, டாட் சரியா உக்காரலன்னு சொல்றாங்கல்ல, அத அவங்க வாயில வந்த மாதிரியே ஒரு மாசம் எழுதுங்க. அதான் உங்க தலைப்பு எல்லாமே. 14 வருஷமா கேட்டுட்டே இருக்கீங்க, எழுதி வைக்கல அவ்வளவுதான்.

முகராசிய பத்தி கவலையே வேண்டாம், உங்க வீடியோவுல ஜனங்க பாக்கறது உங்க விரல. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல இருந்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2018ல ஆரம்பிச்சாங்க, விவசாய வேலை இல்லாத மாசங்கள்ல என்ன பண்றதுன்னு யோசிச்ச அண்ணன் தம்பிங்களும் ஏற்கனவே சமையல் வேலை பாத்த அவங்க தாத்தாவும். செட்டு இல்ல, ஸ்டுடியோ இல்ல, வயக்காடு, அம்மி, பெரிய அண்டா, அவ்வளவுதான். 2021ல 1 கோடி சப்ஸ்கிரைபர் தாண்டுன முதல் தமிழ் சேனல் அது. உங்களுக்கும் 1 கோடி வரும்னு நான் சொல்லல, வந்தா சந்தோஷம். தாத்தா கைக்கு ஏற்கனவே தெரிஞ்ச வேலையத்தான் அவங்க படம் பிடிச்சாங்க, அத சொல்லத்தான் இவ்வளவும்.

பணம் பத்தி கேக்கல, ஆனா மனசுல இருக்கும்னு தெரியும். விளம்பர வருமானம் வேணும்னா 1,000 சப்ஸ்கிரைபர் வேணும், அதோட 12 மாசத்துல 4,000 மணி நேரம் பார்வையோ, 90 நாள்ல ஷார்ட்ஸ்க்கு 1 கோடி வியூஸோ வேணும். ஷார்ட்ஸ் ஃபீட்ல பாக்கற நேரம் அந்த 4,000ல சேராது. 4,000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம், ஒருத்தர் சராசரியா 4 நிமிஷம் பாத்தா 60,000 வியூஸ். அதே 2 நிமிஷத்துல போயிட்டா 1,20,000 வேணும். அந்த 40 செகண்ட நான் ஏன் இப்படி பிடிச்சு தொங்குறேன்னு இப்ப புரியுதா?

கேள்வி: நீ எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணு நான் உனக்கு பண்றேன்னு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. சேரலாமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: வேண்டாம் தம்பி. முதல்ல யூட்யூப் விதியே அத அனுமதிக்கல, அந்த எண்ணிக்கைய கழிச்சு விட்டுடுவாங்க. அதோட அங்க வர்றவங்க உங்க வீடியோவ பாக்க வரல, அவங்க நம்பர ஏத்த வர்றாங்க. 300 பேர் சேந்து, பாக்கறது 6 பேர்னா மனசு இன்னும் உடைஞ்சு போகும்.

கேள்வி: என் ஒரு ரீல் 8 லட்சம் வியூஸ் போச்சு, 11 ஆயிரம் ஃபாலோயர்ஸ் வந்தாங்க. கம்பெனி வேலைய விட்டுட்டு முழுநேரமா இறங்கிடலாமா? வீட்ல அம்மா அழறாங்க.
- வாசகர், திருப்பூர்

பதில்: இப்ப விடாதீங்கப்பா. 2020 ஜூன் 29ம் தேதி ராத்திரி ஞாபகம் இருக்கா, டிக்டாக்கோட சேத்து 59 ஆப்ப தடை பண்ணாங்க. லட்சக்கணக்குல ஃபாலோயர் வச்சிருந்தவங்களுக்கு ஒரே ராத்திரியில எல்லாம் போச்சு. எங்க தெருவுல ஒரு தம்பி ஒரு வாரம் சரியா சாப்பிடல, வந்து எங்கிட்ட போன காட்டி, அக்கா இதுக்குள்ள இருந்தவங்கெல்லாம் எங்க போனாங்கன்னு கேட்டான், எனக்கு பதில் தெரியல. அவங்கள்ல ஒருத்தரோட நம்பர் கூட அவன்கிட்ட இல்ல.

உங்க 11 ஆயிரம் பேரும் அந்த ஒரு ரீலுக்கு வந்தவங்க. அதுக்கு அப்புறம் போட்ட பத்து ரீல எடுத்துக்கோங்க, கமென்ட்ல திரும்ப திரும்ப வர்ற பேர ஒரு பேப்பர்ல எழுதுங்க. 15 பேர் தேறுனா அந்த 15 பேர்கிட்டயும் பேசுங்க, உங்ககிட்ட எதுக்கு வர்றாங்கன்னு கேளுங்க, ஒரு வாட்ஸ்அப் சேனலோ மெயில் லிஸ்ட்டோ சின்னதா ஆரம்பிச்சு அவங்கள அங்க கூப்பிடுங்க. சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம், ஞாயித்துக்கிழமை அர நாள், ஒரு வருஷம் இப்படி ஓட்டிப் பாருங்க. ஆறு மாசம் விடாம சம்பளத்துல பாதியாவது இதுல வந்துச்சுன்னா எனக்கு எழுதுங்க, அப்ப பேசலாம். அந்த பேப்பர அம்மாகிட்டயும் காட்டுங்க, அவங்களுக்கு உங்க மேல கோவம் இல்ல, பயம்தான்.