போப் செய்தால் விதிவிலக்கு, ஃபாதர் செய்தால் மீறலா?

"திருவழிபாட்டு விதியைப் போப்பே மீறலாமா, அவர் மீறினால் மற்ற ஃபாதர்களும் அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி அவர் செய்யலாம், இவர்கள் கூடாது. இதே பதில் ஒரு காலத்தில் எனக்குப் பயங்கர எரிச்சலாக இருந்தது.

2013 பெரிய வியாழனன்று (இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துப் பூசையில் 12 பேரின் பாதம் கழுவும் நாள்) திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் பாதம் கழுவினார். அதில் 2 பேர் பெண்கள், அவர்களில் ஒருத்தி முஸ்லிம். அன்றைய விதியில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். அடுத்த வருடம் பெங்களூரில் எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு 12 ஆண்கள் வேண்டும் என்று அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் கூட்டத்தில்) கேட்டார்கள், 9 பேருக்கு மேல் தேறவில்லை (லீவு விட்டால் பாதிப் பேர் வேலூர், திருவண்ணாமலை பக்கம் பஸ் ஏறிவிடுவார்கள்). "எங்கம்மாவை உட்கார வைக்கலாமே ஃபாதர், போப்பே பண்ணினாரே" என்றேன். "அவர் பண்ணலாம்ப்பா, நான் பண்ணக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். திருச்சபைச் சட்டம் 331 போப்புக்கு முழுமையான, உச்ச அதிகாரம் தருகிறது. இந்த மாதிரி விதிகளை இயற்றுவதும் மாற்றுவதும் அவர் கையில். குருவானவருக்கோ, சொந்த விருப்பத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்று 1963-லேயே ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. அதற்காகப் போப் எதையும் செய்யலாம் என்றும் இல்லை. திருப்பலி அப்பம் கோதுமையில்தான் ஆக வேண்டும், நம்ம ஊர் அரிசி மாவுக்கு அவரே நினைத்தாலும் அனுமதி தர முடியாது, ஏனென்றால் அது கிறிஸ்துவிடமிருந்து வந்ததாகவே திருச்சபை பார்க்கிறது.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. போப் 2013-ல் செய்தார், பெண்களுக்கும் இடம் தந்து விதி மாறியது 2016 ஜனவரியில். நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம் இடி வாங்கியது உள்ளூர் ஃபாதர்கள்தான்: பெண்களை உட்கார வைத்தால் அடங்காதவர், வைக்காவிட்டால் மனசாட்சி இல்லாதவர். (இரண்டாவதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.) முதலில் ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு கழுவியிருக்கலாம். ஆனால் புது விதியும் "இறைமக்கள்", அதாவது கிறிஸ்தவர்கள், என்றுதான் சொல்கிறது. அதே 2016 பெரிய வியாழனில் அவர் முஸ்லிம் அகதிகளுக்கும் ஓர் இந்து அகதிக்கும் கழுவினார், திரும்பவும் விதியைத் தாண்டி! சரி, அது அவர் பாணி.

அந்த வருடம் அம்மா உட்கார்ந்தார். வீட்டிலேயே சோப்புப் போட்டு, பித்தவெடிப்பைப் பீர்க்கங்காய் நாரால் இரண்டு தடவை தேய்த்துக்கொண்டிருந்தார். "கழுவுறதுக்குத்தானேம்மா போற?" என்று கேட்டேன்.

"அதுக்காக அழுக்குக் காலையா சாமி கையில கொடுக்க முடியும்?"