வேலை தேடும் காலத்துச் சோர்வு

கேள்வி: நான் பணியாற்றிய நிறுவனம் மூடப்பட்டதால் சில மாதங்களாக வேலை தேடிவருகிறேன். நேரம் நிறைய இருந்தும் எதையும் படிக்க மனம் வரவில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேனா?
– வாசகர், மதுரை

பதில்: அப்படி உங்களையே குற்றம் சாட்டிக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரியாவின் மரியென்தால் என்னும் சிற்றூரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மேரி யஹோதாவும் அவருடைய குழுவினரும் அங்கே ஆய்வு நடத்தினர். மக்களின் கையில் முன்னைவிட அதிக நேரம் இருந்தும், ஊர் நூலகத்தில் அவர்கள் எடுத்துப் படித்த நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. வேலை ஊதியத்தோடு நாளுக்கு ஓர் ஒழுங்கையும், பிறரோடு பழகும் வாய்ப்பையும், சமூகத்தில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யஹோதா பின்னாளில் விளக்கினார். நீங்கள் இழந்திருப்பவை இவையே.

ஆகவே மன உறுதி வரட்டும் என்று காத்திராமல், முதலில் நாளின் ஒழுங்கை மீட்டெடுங்கள். தினமும் குறித்த நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி, 2023இல் உங்கள் ஊரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்று, காலை நேரத்தை விண்ணப்பங்களுக்கும் பிற்பகலை ஏதேனும் ஒரு புதிய திறனைக் கற்பதற்கும் ஒதுக்குங்கள். அரசுத் தேர்வு எழுதும் எண்ணமிருந்தால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சியோடு உடன் பயில்வோரின் துணையும் கிடைக்கும். அந்தத் துணையையே நான் பெரிதாக மதிக்கிறேன். பதில் வருவது நம் கையில் இல்லாததால், அனுப்பிய விண்ணப்பங்களைக் கொண்டே உங்கள் உழைப்பை அளந்துகொள்ளுங்கள். உறக்கமும் பசியும் தொடர்ந்து குறைந்தால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைத் தயங்காமல் அழையுங்கள்.