மூட்டு மாற்றிய பிறகு சீழ் வைத்தால் யார் செலவு?

கேள்வி: என் அம்மாவுக்குத் தனியார் மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. மறுபடி அட்மிஷன், மறுபடி பெரிய பில். குணமானால்தான் பணம் என்கிற முறை எங்காவது இருக்கிறதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவ்வளவு கறாராக இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வரும் முறை இருக்கிறது. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் வட்டார நிர்வாகம் 2009இல் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்கு இப்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. முன்பரிசோதனை, அறுவை, செயற்கை மூட்டு, வார்டு, பிறகு வரும் செக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருத்துவமனைக்கு ஒரே தொகை. இரண்டு வருடத்துக்குள் அந்த அறுவையால் சிக்கல் வந்தால் அதே மருத்துவமனை கூடுதல் பணம் இல்லாமல் பார்க்க வேண்டும். அதாவது உங்கள் அம்மாவுக்கு வந்த மாதிரி சீழ் வைத்தால், செலவு மருத்துவமனையின் தலையில்.

நம்மிடமும் காப்பீட்டில் பேக்கேஜ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் தொகையை மட்டும் கட்டிப்போட்டுவிட்டுப் பின்னால் என்ன ஆனது என்று கேட்காவிட்டால், சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பத்தான் தோன்றும். ஸ்வீடனில் முழங்கால் மூட்டுக்கு 1975 முதல், இடுப்புக்கு 1979 முதல் தேசியப் பதிவேடு இருக்கிறது: எந்த மூட்டு எத்தனை வருடம் தாங்கியது, யாருக்குத் திரும்ப அறுவை தேவைப்பட்டது என்று எழுதி வைக்கிறார்கள். வலி எப்படி இருக்கிறது என்று நோயாளியிடமும் கேட்கிறார்கள். எக்ஸ்ரே அழகாக இருந்து, அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் அது என்ன வெற்றி? எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். இந்தியாவிலும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மருத்துவமனைகளை இப்படி மதிப்பிடப்போவதாக 2022இல் அறிவித்தார்கள். நோயாளியின் திருப்தி, திரும்ப அட்மிஷன் ஆவது, கைக்காசு செலவு எல்லாம் அதில் உண்டு.

இன்னொரு காலுக்கும் அறுவை என்று சொன்னால், முன்பே கேளுங்கள்: இங்கே எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது, வந்தால் யார் செலவு, பிசியோதெரபி பேக்கேஜில் சேர்த்தியா? பதிலை எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும், பொருத்திய மூட்டின் ஸ்டிக்கரையும் பத்திரமாக வையுங்கள். அப்புறம், காலில் சிவப்போ காய்ச்சலோ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல், உடனே அறுவை செய்த டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: விளைவைப் பார்த்துத்தான் பணம் என்றால், சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்களை யாரும் தொட மாட்டார்களே?
- செவிலியர், அரசு மருத்துவமனை

பதில்: நியாயமான பயம், நடந்தும் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில்கூட மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குத்தான் அந்த ஒரே தொகை, சிக்கலான நோயாளிகளுக்குப் பழைய முறையே தொடர்ந்தது. அமெரிக்காவில், டிஸ்சார்ஜ் ஆகி 30 நாளுக்குள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் திரும்பி வரும் மருத்துவமனைக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2012 அக்டோபரிலிருந்து பணத்தைக் குறைத்தது. வெட்டு பிறகு 3 சதவீதம் வரை போனது. அடி அதிகமாக விழுந்தது ஏழைகளைப் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு. வீட்டில் கவனிக்க ஆள் இல்லாத, மருந்து வாங்க வழியில்லாத நோயாளி திரும்ப வந்தால் அதற்கு வார்டில் இருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடைசியில் 2016இல் சட்டம் போட்டு, ஏழை நோயாளிகள் ஏறக்குறைய அதே அளவில் வரும் மருத்துவமனைகளோடுதான் ஒப்பிட வேண்டும் என்று மாற்றினார்கள், 2018 அக்டோபரிலிருந்து அமலுக்கு வந்தது.

உங்கள் மருத்துவமனையிலும் இப்படி ஒரு கணக்கெடுப்பு வந்தால், நோயாளியின் வயது, சர்க்கரை, மற்ற நோய்கள் எல்லாம் அதில் பதிவாகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். ஆகவில்லை என்றால் எழுத்திலேயே எதிர்ப்பைச் சொல்லுங்கள். கஷ்டமான கேஸை ஏற்றுக்கொண்ட டாக்டரையும் நர்ஸையும் தண்டிக்கிற முறையை நானும் ஏற்க மாட்டேன்.